அம்மன் அரிசிக் கணக்கும் ஓர் இங்கிலீஷ் சொல்லும்

மாரியம்மன் துணை என்று மேலே எழுதிவிட்டுத்தான் எனக்கு எதையும் எழுதிப் பழக்கம். இன்றைக்கு எழுதவில்லை. அவளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

ஐயா, சிரம்பானிலிருந்து நீ போட்ட கடிதம் புதன்கிழமை வந்தது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை நிரந்தரமானதையும், தை மாதத்தில் முகூர்த்தம் குறித்ததையும் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கடுத்த பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாய்மாமன் முறை செய்ய ஆள் இல்லாமல் மணவறையில் உட்கார மனமில்லை என்று எழுதியிருக்கிறாய். பழைய காகிதங்களைப் பார்க்கிற ஒருவரைப் பிடித்துக் கேட்டாயாம். மருதமுத்து மாமாவின் மேல் சார்ஜ் என்று ஒன்றுமே இல்லையாம். சந்தேகத்தின் பேரில் பிடித்து வைத்து, சந்தேகத்தின் பேரிலேயே இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்களாம். 'அம்மா, அந்த அரிசிக் கணக்கு நோட்டை மட்டும் எப்படியாவது தேடி எடுங்கள். மனுவோடு அதை இணைத்தால் மாமாவைத் திரும்ப வரவிடும்படி கேட்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். தேட வேண்டியதில்லை, ஐயா. அந்த நோட்டு இல்லை. சோதனை போட்டவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எட்டு வருடமாக உன்னிடம் சொன்னது பொய். அதை அடுப்பில் வைத்து எரித்தது நான்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நீ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அந்த அட்டை கிழிந்த அகராதியை எடுத்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் உன் பழைய புத்தகங்களிலிருந்து இங்கிலீஷ் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும், கேலியும் செய்திருக்கிறாய். சார்ஜ் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். அந்தச் சொல் எனக்குப் புதிது இல்லை. லோரிக்காரன் 'சார்ஜ் எவ்வளவு' என்றால் கூலி. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியின் ரேடியோ பெட்டரிக்கும் சார்ஜ் உண்டு. அகராதியில் இன்னும் இருந்தது. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் அதுதான், பட்டாளம் பாய்ந்து வருவதும் அதுதான், ஒருவன் மேல் சாட்டுகிற குற்றமும் அதுதான். அதற்கெல்லாம் மேலே, முதல் வரியில், பொறுப்பு என்று போட்டிருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழில் பொறுப்பு வேறு, குற்றம் வேறு. இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒண்டிக்கொள்ள இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் எட்டு வருடம் குடியிருந்தேன். வெள்ளைக்காரன் சொல் எனக்கு அந்த இடத்தையும் விட்டு வைக்கவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அப்போது நீ சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளியில், விடுதியில் இருந்தாய். உன் அப்பாவை ஜப்பான்காரன் சயாமில் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போய், அவர் திரும்பாமல் போனபின், என் அண்ணன்தான் நம் இருவரையும் கெமாஸ் பக்கத்துத் தோட்டத்தில் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். 'நீ பால் வெட்டுக்குப் போக வேணாம் தாயி. நானும் இவளும் மரம் வெட்டுறோம். நீ வீட்டைப் பாத்துக்க' என்றார். செல்லம்மா அண்ணி அதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. விடியுமுன் அவர்கள் இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போவார்கள். நான் ஆக்கி வைத்து, துவைத்து, சாமி கும்பிட்டு, கணக்கு எழுதிக்கொண்டு இருப்பேன். உன் விடுதிக் காசும் அவர் கையிலிருந்துதான் போயிற்று. ஒருவர் நம்மைத் தாங்குகிறபோது நாம் அவரைவிட ஏதாவது ஒன்றிலாவது ஒசத்தியாக இருக்க வேண்டும் என்று ஒரு கெட்ட ஆசை வரும். எனக்கு அது பக்தியில் வந்தது.

பிடி அரிசி உனக்கு ஞாபகம் இருக்கும். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை அம்மனுக்கு என்று எடுத்து வைப்பது. எங்கள் லயத்து வரிசையில் பதினாறு வீடு. பதினாறு வீட்டுப் பிடியையும் வாங்கிச் சேர்த்து, ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். எழுதத் தெரிந்தவள் என்பதால் அதற்குப் பொறுப்பு என்னிடம். ஒரு நீள நோட்டில் முதல் பக்கத்தில் என் பெயர், கீழே 'அம்மன் அரிசிப் பொறுப்பு' என்று எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை போட்டு, நாள்தோறும் குறிப்பேன். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோதும் ஒரு துண்டு மரவள்ளி வாங்கிக் குறித்தேன். ஒரு கட்டம்கூடக் காலியாக விட்டதில்லை. அந்தக் காலியில்லாத பக்கங்களைப் புரட்டிப் பார்த்து நான் அடைந்த சந்தோஷம் சாமி கும்பிட்டபோதுகூட அடைந்ததில்லை. வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டபோது, சிதறிக்கிடந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி அடித்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று அரிசி ரேஷன். தலைக்கு இத்தனை பால் டின் என்று அளந்து கொடுப்பான். கேட்டில் மலாய்க்கார கான்ஸ்டபிள் நின்று வெட்டுக்குப் போகும் பெண்களின் மடியைத் தட்டிப் பார்ப்பான், காப்பியைக்கூட மோந்து பார்ப்பான். வீட்டில் கணக்குக்கு மேல் ஒரு டின் இருந்தாலும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கிராணி ஐயா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

'இந்த வருசம் பிடி வாங்கறத நிறுத்திடு தாயி. கூழ் வேணாம்.'

'அம்மனுக்குச் சொன்ன சொல்லுண்ணே.'

'அம்மனுக்கு கம்பி வேலி தெரியாதா? அதும் உள்ளதான இருக்கு. கோவிச்சுக்காது.'

அண்ணி சிரித்துவிட்டார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தைத்தது. 'ஜப்பான்காரனுக்கே நிறுத்தல. இவனுங்களுக்காக நிறுத்தி, நாளைக்கு ஊருக்கு அம்மை வந்தா யாரு பதில் சொல்றது?' என்று கேட்டேன். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். நான் அதைத் தெரிந்தேதான் சொன்னேன். உண்மையில் எனக்கு அம்மையைப் பற்றிப் பயம் இல்லை. நோட்டில் ஒரு வெற்றுக் கட்டம் விழுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரிசியை வீட்டில் வைக்க முடியாது என்பதால், தோட்டத்துக் கோயிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மண்ணெண்ணெய்த் தகரங்களில் போட்டு மூடி வைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பூசை அண்ணன் செய்வது. சாவி அவர் இடுப்பில்.

ஆடிக்கு இருபது நாள் இருக்கும்போது பட்டாளம் வந்தது. விடிந்தும் விடியாமல் எல்லாரையும் வேலைக்கு ஆள் எண்ணுகிற திடலில் நிறுத்தினார்கள். கோயிலுக்குள் போனவர்கள் நாலு தகரம் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து மண்ணில் வைத்தார்கள். ஒரு சின்ன வயசு வெள்ளைக்கார ஆபீசர் கேட்க, கிராணி தமிழில் சொன்னார்.

'சாவி யாருகிட்ட?'

அண்ணன் முன்னால் போய் நின்றார். 'எங்கிட்டங்க.'

'அரிசி யாருது?'

'அம்மனுதுங்க.'

'மருத, வெளயாடாதப்பா. தொர சும்மா கேக்கல. யாரு சேத்தது?'

'நாந்தாங்க.'

'ஒன் ரேஷன்ல நாலு தகரம் மிஞ்சுமா?'

'நான் கொஞ்சமாத் திங்கிறவன்ங்க.'

திடலில் யாரோ சிரித்தார்கள். ஆபீசர் என்ன என்று கேட்டான், கிராணி சொல்லவில்லை. 'இது கோயில் அரிசின்னா கணக்கு இருக்கணும்ல. கணக்கு எங்க?' என்றார். கிராணிக்கு என் நோட்டைத் தெரியும். ஆனாலும் அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அண்ணனும் பார்க்கவில்லை. 'கணக்கா? எனக்கு என் கைநாட்டே நேரா விழாதுங்க' என்றார். நான் இருபது அடி தூரத்தில் பெண்களுக்கு நடுவில் நின்றேன். நோட்டு வீட்டில், சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதை எடுக்கப் போகவில்லை. லோரியில் ஏற்றும்போதுதான் அவர் ஒரு தரம் திரும்பினார். அந்தப் பார்வையில் நீ கொண்டு வா என்றும் இல்லை, கொண்டு வராதே என்றும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொள் என்று தினமும் சொல்லிவிட்டுப் போகிறவர் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

மத்தியானம் வீடுகளைச் சோதிப்பார்கள் என்றார்கள். அவர்கள் வந்து சோதிக்குமுன் நான் போய்க் கதவைச் சாத்தினேன். நோட்டைப் பிரித்து, ஐந்தாறு தாளாகக் கிழித்து, அடுப்பில் செருகினேன். கெட்டி அட்டை சுலபத்தில் எரியவில்லை. ஊதாங்குழலால் ஊதி ஊதி எரித்தேன். பதினாறு வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் ஊதினேன். அத்தனை பெயர் அதில் இருந்ததே, ரேஷன் அரிசியைக் கொடுத்தவர்கள் என்று எல்லாரையும் பிடிப்பார்களே என்று. அதை நான் நம்பினேன். இரண்டு நாள் நம்பினேன்.

மூன்றாம் நாள் செல்லம்மா அண்ணி கெமாஸ் போலீஸ் நிலையத்தில் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தார். கூடவே நம் லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். 'நாத்தி, அந்த நோட்ட எடு. எல்லாருமாப் பெரிய தொரகிட்ட போறோம்' என்றார் அண்ணி. நான் அவர்களைப் பயமுறுத்திப் பார்த்தேன். உங்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறதே, பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்றேன். கடைசி வீட்டுக் காளியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: 'புடிச்சா பதினாறு பேரையும் புடிக்கட்டும்லா! உள்ள போனா அவனே வடிச்சுப் போடுவான். எனக்கும் ஒரு வாரம் அடுப்புக்கு லீவு.' எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை பேரும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். நான் காப்பாற்றியதாக நினைத்த பதினாறு வீடும் என் வாசலில் நின்று, எங்களைக் காப்பாற்ற வேண்டாம், நோட்டை எடு என்றது. அப்போது தெரிந்துவிட்டது எனக்கு. நான் எரித்தது அவர்கள் பெயருக்காக இல்லை. முதல் பக்கத்தில் இருந்த ஒரு பெயருக்காக.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், ஐயா. எரித்துவிட்டேன், ஆனால் பொறுப்பு என்னுடையது, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. 'சோதனைக்காரன் கொண்டுபோயிட்டான் போல, காணோம்' என்றேன். அவ்வளவு பேரும் அதை நம்பினார்கள். என் சொல்லை அந்தத் தோட்டத்தில் யாரும் சந்தேகித்தது கிடையாது. நோட்டு இல்லாமலே தோட்டத்துப் பெரிய துரையிடம் போனார்கள். எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று துரை கேட்க, ஒருத்தி ஒரு டின் என்றாள், ஒருத்தி ரெண்டு பிடி என்றாள், ஒருத்தி போன வருஷத்துக் கணக்கைச் சொன்னாள். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று துரை எழுந்து போய்விட்டார். நான் அவர்களோடு போகவில்லை. எனக்குத் தலைவலி என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு என் தலைவலிக்கு அண்ணி சுக்கு அரைத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

தடுப்பு முகாமில் ஏழு மாதம் வைத்திருந்து அண்ணனைக் கப்பலேற்றினார்கள். சார்ஜ் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாயே, சார்ஜ் இருந்திருந்தால் கோர்ட்டு இருந்திருக்கும், கேள்வி இருந்திருக்கும், நானும் ஒருவேளை வாயைத் திறந்திருப்பேன். ஒருவேளைதான். அண்ணியும் கூடப் போனார். கெமாஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'பையன் பரிச்சைய விட்டுட வேணாம்னு ஒங்கண்ணன் சொல்லச் சொன்னாரு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல அவங்கம்மா பேரு கெடக்கூடாதுன்னுதான் அவரு வாயத் தொறக்கலியாம்' என்றார். நீ படித்த இங்கிலீஷுக்கு என்ன விலை என்று இப்போது உனக்குத் தெரியும். நான் சமையல் வேலை செய்து படிக்கவைத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறாய். கடைசி இரண்டு வருடம்தான் அது.

ஊரிலிருந்து அண்ணன் சொல்லி எழுதவைத்த நாலு கடிதம் வந்தது. அவர் மூன்று வயதில் விட்டு வந்த ஊர். 'இங்க என்னை மலாயாக்காரன்னு சொல்றாங்க. அங்க இந்தியாக்காரன்னு அனுப்பினாங்க' என்று முதல் கடிதத்தில் வேடிக்கையாக இருந்தது. இரண்டாவதில் நோட்டைக் கேட்டிருந்தார். கிடைத்தால் முதல் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பு தாயி, மனு போட ஒருவர் இருக்கிறார் என்று. முதல் பக்கத்தை மட்டும் கிழிப்பது! எனக்கு அது அன்றைக்குத் தோன்றவே இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத மனிதருக்கு அது தோன்றியிருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன். மூன்றாவதுக்கும் அதே பதில். நாலாவதில் நோட்டைப் பற்றி ஒன்றும் இல்லை, உனக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று மட்டும் இருந்தது. அதற்கு நான் பதிலே போடவில்லை.

இத்தனைக்கும் நான் வெள்ளிக்கிழமை தவறியதில்லை. பூசைக்கு வேறு ஆள் வந்தார், நான் விளக்குப் போட்டேன். இந்த அம்மா மாதிரி பக்தி யாருக்கு வரும் என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதையும் அடக்கம் என்றார்கள். நீ ஒன்றை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளாதே. உன் பிடிவாதத்துக்குச் சாமி பெயரை வைக்காதே. உன் பெண்டாட்டி வேண்டாம் என்று சொல்கிற இடத்தில், எதிர்த்துப் பேச முடியாத ஒரு சொல்லைத் தேடி எடுத்து அவள் வாயை அடைக்காதே. அவள் உன் சம்பளத்தில் சாப்பிடுகிறாள் என்ற நினைப்பை அவளுக்கும் தராதே, உனக்கும் வைத்துக்கொள்ளாதே. கோர்ட்டில் ஏழை ஒருவனைப் பார்த்து உன் மேல் இன்ன சார்ஜ் என்று நீ தமிழில் சொல்லும்போது, கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது யார் என்று ஒரு தரம் பார். பார்ப்பது உன் வேலை இல்லை என்பார்கள். பார்.

கல்யாணத்துக்குப் பிறகு சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தோன்றியதுமே இன்றே எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன், எனக்கு என்னைத் தெரியும். நடந்ததை எல்லாம் தேதி விடாமல், யார் யார் எத்தனை பிடி கொடுத்தார்கள் என்று நினைவில் இருந்த மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ இங்கிலீஷில் மாற்றி மனுவோடு கொடு. மாற்றும்போது அம்மா என்று எதையும் மழுப்பாதே. காளியம்மாவும் இன்னும் ஐந்து பேரும் தோட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களிடம் நேற்றே சொல்லிவிட்டேன். காளியம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, 'சாட்சிக்கு வர்றேன். ஒனக்காக இல்ல' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தும் அவசரகாலச் சட்டத்தை இன்னும் எடுக்கவில்லை. இதை வைத்து என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் வேலைக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. பெண் வீட்டாருக்கு இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு. அவர்கள் வேண்டாம் என்றால், அவர்கள் மேல் கோபப்படாதே.

அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். கெமாஸ் தபாலாபீசுக்கு நானே போய்ப் போட்டேன், உன்னைக் கேட்டால் பொறு என்பாய் என்று கேட்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் அவருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வாராம். எப்போதும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாராம். முன்பின் தெரியாத ஒருவருக்கு முதலில் தெரியும், பிறகு அவர் வாயால் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரக்கமுள்ள வாத்தியாராக இருந்தால் நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டு மேலே போய்விடக்கூடும். அதனால் அவருக்கு விழுங்க இடம் கொடுக்காமல், மூன்றே வரியில் எழுதியிருக்கிறேன்.